பொன்னுக்கு வீங்கியும் இரண்டு டாக்டர்களும்

நானும் என் கணவரும் ஒரே வகுப்பில் மருத்துவம் படித்தவர்கள். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஒரே கட்டடத்தில், இருபத்திரண்டு வருடமாக கிளினிக் வைத்திருக்கிறோம். நடுவில் நோயாளிகள் காத்திருக்கும் கூடம். இடது பக்க அறை அவருக்கு, வலது பக்க அறை எனக்கு. வீட்டில் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். கிளினிக் வாசலைத் தாண்டிவிட்டால் அவர் 'டாக்டர்', நான் 'மேடம்'. இப்படி வைத்துக்கொள்ளலாம் என்று ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. முதல் வாரம் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

கூடத்தில் மேஜை போட்டு டோக்கன் கொடுப்பவர் எங்களைவிட ஐந்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் அக்கா, எங்களுக்கும்தான். யார் எந்த அறைக்குப் போகவேண்டும் என்று தீர்மானிப்பது அவர். எந்த அடிப்படையில் என்று ஒருமுறை கேட்டேன்.

"பேசணும்னு வர்றவங்களை உங்ககிட்ட அனுப்புவேன் டாக்டரம்மா. சீக்கிரம் போகணும்னு வர்றவங்களை சார்கிட்ட அனுப்புவேன்" என்றார். இதில் யாருக்குப் பாராட்டு, யாருக்குத் திட்டு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். ஐம்பது வயதிருக்கும். காட்டன் புடவை, தோளில் துணிப்பை, பை நிறையத் தாள்கள். எங்கள் இருவரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில சேர்றவங்க விவரம் எங்களுக்கு வந்துடுது சார். ஆனா ஊர்ல ஒரு காய்ச்சல் வந்தா ஜனங்க முதல்ல உங்களை மாதிரி டாக்டர்கிட்டதான் வர்றாங்க. அதுல படுக்கிற அளவுக்கு ஆகுறவங்க கொஞ்சம் பேர். மிச்சப் பேர் எங்க கண்ணுலயே படுறதில்லை."

"நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார் கணவர்.

"வாரம் ஒரு தாள் சார். ஃப்ளூ மாதிரி காய்ச்சல், வயித்துப்போக்கு, மஞ்சள் காமாலை, அம்மை, பொன்னுக்கு வீங்கி, கண் வலி, ஆறே வரி. ஒவ்வொண்ணுலயும் எத்தனை பேர், என்ன வயசு, எந்த ஏரியா. பேர் வேண்டாம். இதுல அடங்காத தொத்து எல்லாத்துக்கும் கடைசியில 'மற்றவை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் போட்டோ எடுத்து அனுப்பிட்டா போதும்."

"ஒருத்தரும் வரலைன்னா?"

"சைபர்னு எழுதணும். காலியா விட்டா நோயாளி வரலையா, நீங்க எழுத மறந்துட்டீங்களான்னு எங்களுக்குத் தெரியாது."

நான் உடனே சேர்ந்துவிட்டேன். என் கணவர், கணக்குப் பாடத்துக்குப் பயந்துதான் மருத்துவம் படிக்க வந்ததாகச் சொல்லிக் கும்பிட்டு நழுவிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் காப்பி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"நீ எழுதி அனுப்புறதை யார் பார்ப்பாங்க?"

"இதுவரைக்கும் ஆறு டாக்டர் சேர்ந்திருக்கோம். உறையூர்ல ஒருத்தர், தில்லை நகர்ல ரெண்டு பேர், திருவெறும்பூர்ல ஒருத்தர், இப்படி. மாசத்துக்கு ஒரு தடவை எல்லாருடையதையும் கோடு போட்டு எல்லாருக்கும் அனுப்புவாங்களாம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

மறுநாள் காலை அவர் ஏழாவது ஆளாகச் சேர்ந்தார்.

ஒவ்வொரு நோயையும் எப்போது எண்ணவேண்டும், எப்போது எண்ணக்கூடாது என்று பேராசிரியை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். அதை நான் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவர் மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். எண்ணும் விதமும் வேறு வேறுதான். நான் ஒரு டைரியில் கோடு கிழித்து, ஒவ்வொரு நோயாளி எழுந்து போனதும் எழுதிவிடுவேன். அவர் மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் குறிப்புத் தாளின் பின்பக்கத்தில், ஞாபகம் வரும்போது குச்சி குச்சியாகப் போடுவார். சனிக்கிழமை அந்தக் குச்சிகளை அவரே எண்ணும்போது ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிக்கை வரும்.

சில வாரங்களில் பேராசிரியை போன் செய்தார். குரலில் மரியாதை குறையவில்லை.

"மேடம், உங்க தாள் தெளிவா இருக்கு. சார் தாள்ல மட்டும் மத்த எல்லா வரியிலயும் ஒண்ணு, ரெண்டுன்னு இருக்கு. 'மற்றவை'யில முப்பத்தஞ்சு இருக்கு. அது என்னன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்ல முடியுமா?"

கேட்டேன்.

"வைரல்" என்றார்.

"வைரல்னா எந்த வைரல்?"

"வைரல்னா வைரல்தான். மூணு நாள்ல போயிடும். அதுக்குப் பேர் வெச்சு நாமகரணம் பண்ணணுமா?"

"ஃப்ளூவும் வைரல்தான். அம்மையும் வைரல்தான். அதுக்குத்தானே தனித்தனி வரி போட்டுக் கொடுத்திருக்காங்க?"

"இருபத்திரண்டு வருஷமா வைரல்னு சொல்லித்தான் எழுதறேன். ஜனங்களுக்குச் சரியாகாமலா போச்சு?"

சரியாகித்தான் போனது. அவர் நல்ல டாக்டர். தேவையில்லாத மாத்திரை ஒன்றுகூட எழுதமாட்டார். பெயர் வைப்பதில் மட்டும்தான் சோம்பல். எங்கள் பெண்ணுக்கே மூன்று மாதம் கழித்துத்தான் பெயர் வைத்தார்.

என் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. கோவில் பக்கத்து வீதியில் இருந்து வரும் ஒரு மாமா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காய்ச்சலும் இருமலுமாக ஒரு வியாழக்கிழமை என்னிடம் வந்தார். பார்த்து முடித்து டைரியில் எழுதிக்கொண்டேன். போகும்போதுதான் சொன்னார்.

"செவ்வாக்கிழமையே அவர்கிட்ட காட்டிட்டேன். ஆன்டிபயாட்டிக் வேண்டாம்னுட்டார். நீங்களாவது தருவேளோன்னு பார்த்தேன். நீங்களும் அதையேதான் சொல்றேள்."

அபூர்வமாக அந்த வாரம் என் கணவரும் அவரை ஃப்ளூ வரியில் சரியாக எழுதியிருந்தார். ஒரே மாமா இரண்டு பேரானார். இப்படி எத்தனை மாமாக்கள் எங்கள் இரண்டு தாளிலும் நடமாடியிருந்தார்களோ தெரியாது. ஸ்ரீரங்கத்தில் காய்ச்சல் கூடியிருக்கிறது என்று அந்த மாதப் படத்தில் கோடு ஏறியிருந்தது. அதில் எங்கள் தாம்பத்தியத்தின் பங்கு எவ்வளவு என்று பேராசிரியையிடம் நான் சொல்லவில்லை.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அடுத்த மாசி மாதம் பொன்னுக்கு வீங்கி வந்தது.

காதுக்குக் கீழே தாடையோரம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் குழந்தைகள் வரும். எங்கள் பக்கத்தில் அதற்குத் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போடுவார்கள். பெண் குழந்தைகள் என்றால் தெரியாது. பத்து வயதுப் பையன், அரை டிராயரும் கிரிக்கெட் பனியனும் போட்டுக்கொண்டு, கழுத்தில் அம்மாவின் சங்கிலி தொப்புள் வரை தொங்க, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தால் பார்க்கும்போதே தெரிந்துவிடும். சங்கிலியால் கெடுதல் ஒன்றுமில்லை, நான் கழற்றச் சொல்வதில்லை. ஐந்து நாள் வெளியே அனுப்பாதீர்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள், தம்ளரைத் தனியாக வையுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

முதல் வாரம் எனக்கு ஒன்று. அடுத்த வாரம் ஒன்று. மூன்றாவது வாரம் மூன்று. அவர் தாளில் மூன்று வாரமும் சைபர். அந்தச் சனிக்கிழமை தாளை மடித்துக்கொண்டிருந்தபோது டோக்கன் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த வாரம் செயின் போட்ட பசங்க ஒம்பது பேர் வந்துட்டுப் போயிட்டாங்க டாக்டரம்மா. நகைக்கடை மாதிரி இருக்கு."

"ஒம்பதா? நான் மூணு பேரைத்தானே பார்த்தேன்."

"நாலு பேரை சார்கிட்ட அனுப்பினேன். ரெண்டு பேரை நானே அனுப்பிட்டேன்."

"எங்க அனுப்பினீங்க?"

"வீட்டுக்குத்தான். பார்த்தாலே தெரியுது. அஞ்சு நாள் வெளிய விடாதீங்க, தண்ணி குடுங்க, தம்ளரைத் தனியா வைங்கன்னு நீங்க சொல்றதைத்தான் நானும் சொன்னேன். எதுக்கு அதுங்க ஒரு மணி நேரம் உக்காந்து மத்தவங்களுக்கும் ஒட்டவைக்கணும்?"

அதில் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டு பேர் எந்தத் தாளிலும் ஏறாமல் போய்விட்டார்கள். இனிமேல் அப்படி அனுப்பக்கூடாது, காத்திருக்கவிடாமல் நேராக என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு இடது பக்க அறைக்குப் போனேன்.

"டாக்டர், இந்த வாரம் தாடை வீங்கின பசங்க நாலு பேர் உங்ககிட்ட வந்தாங்களாமே. எதுல எழுதினீங்க?"

அவர் குறிப்புத் தாள்களைப் புரட்டினார். "கழுத்துல நெறி கட்டியிருந்தது. மற்றவையில போட்டேன்."

"நாலு பேருக்குமா? ஒரே வாரத்துல?"

"இப்ப சளி சீசன் மேடம்."

"கழுத்துல செயின் இருந்துதா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "இருந்துது. ஃபேஷன்னு நினைச்சேன்."

அன்று இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கிளினிக்கிலேயே உட்கார்ந்து அவருடைய நோயாளிச் சீட்டுகளையும் என் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் வாரத்திலேயே அவரிடம் இரண்டு 'நெறி' இருந்தது, இரண்டாவது வாரத்தில் மூன்று. தனித்தனியாகப் பார்த்தால் அவருக்குச் சளி சீசன், எனக்கு எங்கோ ஒன்றிரண்டு பொன்னுக்கு வீங்கி. இரண்டையும் சேர்த்தால் மூன்று வாரத்தில் பதினான்கு குழந்தைகள். வெவ்வேறு பள்ளிக்கூடம், வெவ்வேறு வீதி. எதில் சேர்கிறார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. டோக்கன் அக்காவைக் கூப்பிட்டு முகவரிகளைப் படித்தேன். நான்காவது பெயரிலேயே நிறுத்திவிட்டார்.

"எல்லாம் அம்மா மண்டபம் ரோடு டியூஷன் பிள்ளைங்க. ஒரே கலர் பை வெச்சிருந்துச்சே, பார்க்கலையா நீங்க?"

இரண்டு டாக்டர்களும் பார்க்கவில்லை. நான் தாடையைப் பார்த்தேன். அவர் அதையும் சரியாகப் பார்க்கவில்லை.

பேராசிரியைக்கு உடனே போன் செய்தேன். அவர் திங்கட்கிழமை மாநகராட்சி சுகாதார அலுவலகத்தில் சொல்வதாகவும், டியூஷன் நடத்துபவர் எனக்குப் பழக்கம் என்றால் முதலில் நான் போய்ப் பேசினால் நல்லது என்றும் சொன்னார். பழக்கம்தான். அவர் பெண்ணுக்கு நான்தான் வைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலை போனேன்.

மாடியில் நீளமான ஹால். பாய் விரித்து நாற்பது பிள்ளைகள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் குடிதண்ணீர் கேன், அதன் மேல் ஒரே ஒரு எவர்சில்வர் தம்ளர். நான் நின்ற பத்து நிமிடத்தில் அந்தத் தம்ளர் ஆறு வாய்க்குப் போய் வந்தது.

டியூஷன் மிஸ் என்னை வெளியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு பசங்க வீங்கிட்டு வந்தாங்க டாக்டர். நான் பின்னாடி உக்கார வெச்சேன். ஆனுவல் எக்ஸாமுக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருக்கு. அஞ்சு நாள் வராதீங்கன்னு சொன்னா பெத்தவங்க என்னைத்தான் கேப்பாங்க."

"மிஸ், இது ஒட்டிக்கிட்டா உடனே வீங்காது. ரெண்டு, ரெண்டரை வாரம் உள்ளேயே இருந்துட்டு அப்புறம்தான் வீங்கும். இன்னைக்கு ஒட்டிக்கிற பிள்ளைக்கு என்னைக்கு வீங்கும்னு எண்ணிப் பாருங்க."

கணக்கு டீச்சர் அவர். விரல்விட்டு எண்ணவேண்டிய அவசியம் இல்லை. முகம் மாறியது.

"கணக்குப் பரீட்சை அன்னைக்கு வருது" என்றார்.

அன்றே வீங்கிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் போட்டார். ஐந்து நாள் பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். ஒவ்வொருவரும் தண்ணீர் பாட்டில் கொண்டுவரவேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார். தம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்தார். சுகாதார அலுவலகத்தில் இருந்து ஆள் வந்து சேர்ந்தபோது அவர்கள் சொல்லவேண்டியதில் பாதியை மிஸ்ஸே அவர்களுக்குச் சொன்னாராம்.

அந்த வாரம் வீட்டில் நான் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். மறைக்கவில்லை. அவர் இழுப்பறையில் இருந்த அச்சுத் தாளை எடுத்துச் சத்தம் போடாமல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். நானும் சத்தம் போடாமல் அதைக் கவனித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையே மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாயை நாக்கில் வைத்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு காதோரத்தைப் பிடித்தார்.

"என்ன?"

"கடவாப்பல். ரெண்டு நாளா தொந்தரவு."

"இன்னொரு வாய் ஊறுகாய் சாப்பிடு."

"வேண்டாம்."

"சாப்பிடேன்."

புளிப்பு பட்டால் பொன்னுக்கு வீங்கியில் வீங்கும் எச்சில் சுரப்பிதான் வலிக்கும், பல் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தட்டோடு அவரை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். இடது காது மடல் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. தாடையின் ஓரத்தைக் காணோம்.

"சின்ன வயசுல உனக்கு வந்திருக்கா?"

"எங்க அம்மா வந்துச்சுன்னு சொன்னாங்க."

அவருடைய கூடப்பிறந்த அக்காவுக்குப் போன் போட்டோம். வந்தது அவருக்கு இல்லை, அக்காவுக்கு. இவரை அப்போது ஒட்டிக்கொள்ளக்கூடாது என்று சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். சித்தப்பா வீட்டுக்கு அனுப்பியது மட்டும் ஞாபகம் இருந்தது, ஏன் என்பது மறந்துவிட்டது. எனக்கு ஆறு வயதில் இரண்டு பக்கமும் வீங்கியதற்கு போட்டோவே இருக்கிறது.

பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். பதினேழு, பதினெட்டு நாள். அவருடைய இரண்டாவது வாரத் தாளில் 'மற்றவை' என்ற கட்டத்தில் மூன்று 'நெறி' இருந்ததே, அதே நாட்கள். எண்ணி முடித்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாதே" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

அவரை வீட்டு மாடி அறைக்கு அனுப்பிவிட்டு அவருடைய நோயாளிகளையும் நானே பார்த்தேன். முதல் நாளே மூச்சு வாங்கியது. ஒரு காலை நேரத்தில் இத்தனை பேரை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உறையூரில் இருந்து டவுன் பஸ் பிடித்து இருபது வருடமாக அவரிடம் மட்டுமே வரும் ஒரு தறிக்காரர், ரத்த அழுத்தத்துக்கு, என் எதிரில் மிகவும் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சார் எப்ப வருவாரும்மா?"

"அடுத்த வாரம் வந்துடுவாருங்க. நான் சரியாப் பார்க்கலையா?"

"நல்லாத்தான் பாக்குறீங்க. ஆனா நிறைய கேள்வி கேக்குறீங்க. சார் மூஞ்சியைப் பார்த்தே மாத்திரையை மறந்துட்டேன்னு கண்டுபிடிச்சுடுவாரு."

இதை வீட்டில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். கஞ்சி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனபோது பாவமாகப் படுத்திருந்தார், சொல்லிவிட்டேன். வீங்கிய கன்னத்தோடு சிரிக்க முயன்றார். அப்போதுதான் சட்டைக் காலருக்குள் ஏதோ மின்னியது.

"அது என்ன?"

போர்வையை மேலே இழுத்துக்கொண்டார். நான் விலக்கிப் பார்த்தேன். என் பழைய சங்கிலி.

"டோக்கன் அக்கா போன் பண்ணினாங்க" என்றார். "போட்டா என்ன நஷ்டம்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை."

"என் பீரோ சாவி எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"கல்யாணம் ஆனதுலேருந்து தெரியும்."

சனிக்கிழமை தாள் எழுதும்போது தகராறு வந்தது. பொன்னுக்கு வீங்கி வரியில் ஐம்பத்திரண்டு வயது, ஆண், ஸ்ரீரங்கம் என்று எழுதினேன். போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்பினேன். உடனே மாடியில் இருந்து போன் வந்தது.

"என்னை உன் தாள்ல எழுதாதே. நான் டாக்டர். என்னை நானே பார்த்துக்கிட்டேன். என் தாள்ல வரணும்."

"நீ பார்த்துக்கிட்டப்போ கடவாப்பல்னு சொன்னே. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"மூணு வாரமா அந்த வரியில நான் சைபர் எழுதியிருக்கேன். ஒரு கேஸாவது என்னோடதா இருக்கட்டும்."

விட்டுக்கொடுத்திருப்பேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்துவிட்டது. தலை வலிக்கிறது என்று அவரே என்னைக் கூப்பிட்டார். வலி என்று தானாகச் சொல்கிற ஆள் இல்லை. போய்ப் பார்த்தபோது ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று திரும்பிப் படுத்திருந்தார். ஒருமுறை வாந்தி எடுத்திருந்தார். கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தலையைத் தூக்கினேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. பெரியவர்களுக்கு வந்தால் சிலசமயம் மூளை உறை வரைக்கும் போகும் என்று இருவரும் ஒரே பாடத்தில்தான் படித்திருந்தோம். கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

காரில் ஏற்றித் தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காவிரிப் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் கண்ணுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவர் மெல்லக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில சேர்ந்தா அந்தக் கணக்குலயும் வருவேனா?"

"வருவே."

"அப்ப ஒரே ஆளுக்கு மூணு இடத்துல பேர்."

"பேசாம படு."

படுத்தார். எனக்குத்தான் கண்ணாடி மங்கியது, நிறுத்தித் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

லேசாக உறையைத் தொட்டிருக்கிறது, தானாகவே அடங்கிவிடும் என்று அங்கிருந்த மூத்த டாக்டர் சொன்னார். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இட்லிக்குக் கெட்டிச் சட்னி ஏன் இல்லை என்று நர்ஸிடம் கேட்டார் என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு சீரானது.

யாருடைய தாளில் அவர் என்பதைப் பேராசிரியைதான் தீர்த்துவைத்தார். போனில் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார்.

"டாக்டர் தன்னைத்தானே பார்த்துக்கிட்டா அது கன்சல்டேஷன்ல வராது மேடம். யார் பார்த்தாங்களோ அவங்க தாள். சார் உங்க தாள்லதான்."

டியூஷனில் அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகளுக்குத்தான் வீங்கியது. பரீட்சையை எல்லோரும் எழுதினார்கள். நான்கு வாரத்தில் கோடு தரையைத் தொட்டது. எங்களால் நின்றதா, தானாகவே நின்றதா என்று பேராசிரியையிடம் கேட்டேன். ஒரு டியூஷனை வைத்துக்கொண்டு அப்படியெல்லாம் சொல்லமுடியாது என்றார். என் கணவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

சித்திரை மாதத்தில் ஏழு டாக்டர்களையும் ஒரு மதியம் கூட்டினார்கள். இவர் தானாகவே எழுந்து, ஐந்து நிமிடம் பேசலாமா என்று கேட்டு இருபது நிமிடம் பேசினார். தன் குச்சிக் கணக்கு, நெறி, ஃபேஷன் சங்கிலி, கடவாப்பல், ஒன்றையும் மறைக்கவில்லை. திருவெறும்பூர் டாக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே, "என் மற்றவையிலயும் இருபதுக்கு மேல இருக்கு சார். வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும்" என்றார். மற்றவர்கள் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன், பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே, நான் நன்றாகப் பேசினேனா என்று கேட்டார். சங்கிலியைச் சொல்லியிருக்கவேண்டாம் என்றேன். அதுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் என்றார். அப்போது டோக்கன் அக்கா போன் செய்தார், இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பதினொரு டோக்கன் உக்காந்திருக்கு. அதுல மூணு பேருக்குக் கண்ணு சிவந்திருக்கு. ஒரே வீட்டு ஆளுங்க."

"யாருக்குப் போட்டிருக்கீங்க அக்கா, எனக்கா, மேடத்துக்கா?" என்று இவர் கேட்டார்.

"உங்கள்ல யார் முதல்ல உள்ள வர்றீங்களோ அவங்களுக்கு" என்றுவிட்டு அக்கா போனை வைத்தார்.

கார் இன்னும் நகரவில்லை. அவர் சீட் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.